மூன்றாவது குழி

திருவனந்தபுரம்
30 மார்ச் 1937

கர்த்தருக்குள் அன்பான தம்பி யேசுவடியானுக்கு அக்காள் தாசம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இரங்கூனில் நீ சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். எனக்கு முழங்கால் வலி விடவில்லை. அத்தான் போனபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்குப் பல்லிதான்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு டிசம்பரில் வருவதாகவும், உன் மனைவி ஞானப்பூவின் குழிக்குக் கல் வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். அதை நாலு தடவை படித்தேன். இந்தக் கடிதத்தைப் பார்த்தால் வராமல் இருந்துவிடுவாயோ என்ற பயத்தில் மூன்று நாளாகப் பேனாவைத் தொடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் இனி இடமில்லையாம். பெயரில்லாத குழிகளை மட்டமாக்கிப் புதிதாக வெட்டப்போகிறார்கள். ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை சொந்தக்காரர்கள் அவரவர் குழியருகே நின்று பெயர் கொடுக்க வேண்டும் என்று சபையில் வாசித்தார்கள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும்போல, குழிக்கு வெள்ளையடிக்கப் பழவங்காடியில் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு காலையிலேயே போனேன். வாந்திபேதி வந்த வருஷத்து வரிசையில், ஞானப்பூவின் குழியருகே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

நெய்யாற்றின்கரை சரசம்மாவாம். நீங்க யாராக்கும் என்று கேட்டாள். சொன்னேன். இது எனக்க மகனாக்கும் அக்கா, பத்தொன்பது வயசு என்றாள். ஒவ்வொரு ஆடியிலும் அவன் இறந்த நாளில் வந்து மண் அணைத்துவிட்டுப் போவாளாம். நான் அடித்த வெள்ளையைச் சபைக்காரர்கள் செய்த உபகாரம் என்று நினைத்திருக்கிறாள். அவள் அணைத்த மண்ணை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தம்பி, உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞானப்பூவை அடக்கிய அன்று நானும் பேதியில் கிடந்தேன். பிறகு போய்க் கேட்டபோது குழிவெட்டி மூன்றாவது என்று கை காட்டினான். இரங்கூனில் நீ ஆறுதலில்லாமல் அழக்கூடாதே என்று, கூட நின்று மண் போட்டதாக உனக்கு எழுதினேன். சரசம்மாவிடமும் அவன் மூன்றாவது என்றே சொல்லியிருக்கிறான். அழுதுகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னான்போல. அவனும் செத்துப் பல வருஷம். யாரைப் போய்க் கேட்பது?

ஒரு குழிக்கு ஒரு பெயர்தான் என்றார் சபைச் செயலாளர். சரசம்மா சண்டைக்கு வரவில்லை. இவன விட்டா எனக்கு வேற ஆளில்ல அக்கா என்று மட்டும் சொன்னாள். அவள் மகன் பெயரையே எழுதச் சொல்லிவிட்டேன். பக்கத்துக் குழிக்கு யாரும் வரவில்லை. அதைக் காட்டி ஞானப்பூ என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்க்கு நாக்கு எழவில்லை. அடுத்த வாரம் அதையும் மட்டமாக்குவார்கள். அங்கே கிடக்கிறவள் அவளாகவும் இருக்கலாம்.

எனக்கு அலுத்துப்போயிற்று, தம்பி. அப்பா, அம்மா, அத்தான், எல்லார் குழிக்கும் நான் ஒருத்தியே வாளி தூக்குகிறேன். குனிந்தால் நிமிர ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

என்மேல் கோபப்படு, அது நியாயம். கல் வைக்கத்தான் இடமில்லாமல் போயிற்று. தம்பானூரில் ரயில் இறங்கினால் சோறு போட நான் இருக்கிறேன். கர்த்தர் உன்னைக் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவரட்டும். இந்தத் தடவை உயிரோடிருக்கிறவளைப் பார்க்க வா.

இப்படிக்கு
உன் அக்காள்
தாசம்மாள்