பதினான்காம் கூண்டு மாறவில்லை

அனுப்புநர்:
முதுநிலைப் பராமரிப்பாளர்,
விலங்குக் கூடம், தரைத்தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருத்துவ ஆராய்ச்சி நிலையம்.

பொருள்: கூண்டு மாற்றியதாக என்மீது சுமத்திய குற்றச்சாட்டை நீக்கவும், பதினான்காம் கூண்டுக் குட்டிகளை வெள்ளிக்கிழமை கொன்று முடிப்பதை நிறுத்தவும் வேண்டுதல்.

பார்வை: விலங்குக் கூடப் பொறுப்பாளர் திங்களன்று எனக்குக் கொடுத்த மெமோ.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வெள்ளெலி வளர்த்து வருகிறேன். என் பத்து விரல்களில் கடி வாங்காதது ஒன்றுதான். மெமோ இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று தாங்கள் நினைத்தால், ஆம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

2. விவகாரம் தாங்கள் அனுமதித்த ஆய்வைப் பற்றியது. கருவுற்ற தாயின் உடலில் அழற்சி ஏற்பட்டால், வயிற்றிலுள்ள குட்டி பின்னாளில் பருவமடைவதற்கான ஹார்மோன்கள் சுரப்பது தாமதமாகிறதா என்பதே அதன் கேள்வி. தாய்கள் பதினாறு. எட்டுத் தாய்களுக்குக் கருவுற்ற பதினைந்தாம் நாள் அழற்சியை உண்டாக்கும் ஊசி. மற்ற எட்டுக்கு வெறும் உப்புநீர். பிறந்த பெண் குட்டிகள் எத்தனையாவது நாளில் பருவமடைகின்றன என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். நான் பிடிப்பேன், ஆராய்ச்சி மாணவி பார்த்து எழுதுவார்.

3. உப்புநீர்த் தாய்களின் பெண் குட்டிகள் முப்பத்து மூன்றிலிருந்து முப்பத்தாறாம் நாளுக்குள் பருவமடைந்தன. ஊசித் தாய்களின் குட்டிகளுக்கு நாற்பதை ஒட்டி ஆயிற்று. பதினான்காம் தாய் உப்புநீர்க்காரி. ஆனால் அவளுடைய ஐந்து பெண்களும் முப்பத்தெட்டுக்கு முன் அசையவில்லை. இரத்தத்தில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனும் குறைவாகவே இருந்தது. கணக்கு இடித்ததும் பொறுப்பாளருக்குக் கூண்டு கழுவுகிறவள் நினைவுக்கு வந்தாள். குட்டிகளின் ஒன்பதாம் நாளில் கழுவும்போது நான் வேறொரு கூண்டோடு மாற்றி வைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதினான்காம் கூண்டு ஆய்விலிருந்து நீக்கம், குட்டிகளை வெள்ளியன்று முடித்து எரிப்பது என்பது அவர் உத்தரவு.

4. ஐயா, மாறியிருந்தால் ஊசிக் கூண்டு ஒன்றில் உப்புநீர்க் குட்டிகள் இருந்து, அவை சீக்கிரமே பருவமடைந்திருக்க வேண்டுமே? எட்டு ஊசிக் கூண்டிலும் அப்படி ஒன்றுகூட இல்லை. இதை எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மெமோ தட்டச்சு செய்ய அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

5. அது போதாதென்றால் உயிருள்ள சாட்சி ஒன்று உண்டு. பதினான்காம் கூண்டில் பிறந்த பெண் குட்டிகளில் ஒன்றுக்கு வால் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. பிறந்த அன்றே என் நீல அட்டை நோட்டில் எழுதினேன். மறுநாள் பார்வைக்கு வந்த கால்நடை மருத்துவர் அதன் கீழ் கையொப்பமிட்டிருக்கிறார். நாங்கள் அவளைக் கொக்கி என்போம். கொக்கி இன்றும் அதே கூண்டில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவளை எரித்துவிட்டால் என் வார்த்தை மட்டுமே மிஞ்சும். என் வார்த்தைக்கு இந்த வாரம் என்ன மதிப்பு என்று தாங்களே அறிவீர்கள்.

6. அப்படியானால் தாமதம் ஏன் என்று தாங்கள் கேட்கலாம். உப்புநீர் போட்ட மறுநாள், அதாவது கருவுற்ற பதினாறாம் நாள், பதினான்காம் தாய் ஒரு காலை ஊன்றாமல் நடந்தாள். கூண்டு மூடியின் கம்பி ஒன்று உள்பக்கம் வளைந்து பின்னங்காலைக் கிழித்திருந்தது. பாதம் வீங்கிச் சூடாக இருந்தது, உள்ளே சீழ். மருத்துவரிடம் கொண்டுபோய்க் கீறிக் கழுவி, நான்கு நாள் மருந்து போட்டோம். அவருடைய சிகிச்சைப் பதிவேட்டில் அது இருக்கிறது. உப்புநீர்க்காரிக்கு அழற்சி ஊசி தேவைப்படவில்லை ஐயா, அழற்சி தானாகவே வந்திருந்தது. ஒரே ஒரு தாயை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எரித்துவிட்டு மறக்கிற சங்கதியும் இல்லை.

7. இனி என் தவறு. கால் வீங்கியதை நான் மாணவியிடம் சொல்லவில்லை. அன்று காலை நான் நோட்டு எழுதுவதைப் பார்த்து, “அக்கா, நீங்க கூண்டைக் கழுவுங்க, போதும். எழுதறத நான் பாத்துக்கறேன்” என்றிருந்தார். அவர் கெட்டவர் அல்லர். ஆய்வறிக்கை தலைக்கு மேல் இருந்தது, வாய் முந்திக்கொண்டது. எனக்குச் சுருக்கென்றது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. அன்றே சொல்லியிருந்தால் அந்தத் தாயை ஆய்விலிருந்து முறைப்படி விலக்கியிருப்பார்கள். இத்தனை குழப்பமும் வந்திருக்காது. அது சுத்தமான வீம்பு. அதற்கு மெமோ கொடுங்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். கூண்டு மாற்றியதற்கு மட்டும் வாங்க மாட்டேன்.

8. நான் ஏன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது எனக்கு ஈறில் சீழ்க்கட்டி வந்தது. தாடை வீங்கி, ஒரு வாரம் காய்ச்சல். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. மகள் பதினாறு முடிந்தும் பருவமடையவில்லை. உறவுக்காரர்கள் பேசாத பேச்சில்லை. மருத்துவமனையில் ஹார்மோன் பார்த்து மருந்து கொடுத்தார்கள், சரியாயிற்று. இன்று என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறாள். அந்தக் காய்ச்சல்தான் காரணமா என்று மருத்துவரம்மாவைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மனிதர்களில் அதை யாரும் சரியாகக் கணக்கெடுத்துச் சொல்லிவிடவில்லை, உங்கள்மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். பழியைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஐயா, கணக்கெடுக்கிற இடத்தில்தானே நான் வேலை பார்க்கிறேன்? இன்னொருத்தி இதே கேள்வியைக் கேட்கும்போது அவளுக்கு ஒழுங்கான பதில் ஒன்று இருக்க வேண்டாமா? அந்தப் பதில் என் கையில் பிடித்த குட்டிகளிலிருந்து தொடங்கும் என்பது எனக்குப் பெரிய விஷயம். நானா கூண்டை மாற்றி வைப்பேன்?

9. ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் தாங்களே நேரில் வந்து கொக்கியின் வாலைப் பார்க்க வேண்டும். நோட்டையும் சிகிச்சைப் பதிவேட்டையும் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். பொய்யென்றால் அங்கேயே என்னை வேலையிலிருந்து நீக்கலாம். மெய்யென்றால், குட்டிகளை எரிக்கும் உத்தரவையும் என் மெமோவையும் ரத்து செய்து, பதினான்காம் தாயின் கால் புண்ணை ஆய்வறிக்கையில் எழுதும்படி ஆணையிட வேண்டும். பகலில் வருவதானால் கதவை மெதுவாகத் திறக்கவும். அது அவற்றுக்குத் தூங்கும் நேரம்.

10. இம்மனுவைத் தட்டச்சு செய்தவள் என் மகள். எட்டாம் பத்தியை எடுத்துவிடலாமா என்று அவளைக் கேட்டேன். “இருக்கட்டும்மா. நீ எதுக்கு எண்ணுறன்னு அவங்களுக்கும் தெரியட்டும்” என்றாள். எனவே அது இருக்கிறது.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
முதுநிலைப் பராமரிப்பாளர்

இடம்: விலங்குக் கூடம்
நாள்: புதன்கிழமை, காலைப் பார்வை முடிந்த பின்

இணைப்பு: நீல அட்டை நோட்டு, அசல். பார்த்துவிட்டு இன்று மாலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். நாளைக் காலை எழுத வேண்டும்.