ஒன்பது பேர் வித்தியாசம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். அப்பா இப்போதாவது நாலு வாய் சாப்பிடுகிறாரா?

அங்கே டாக்டர் அப்பாவுக்குச் சொன்ன அதே இரண்டு மருந்துகளின் கணக்குதான் இப்போது என் வேலை. நூறு நூறு பேருக்குக் கொடுத்ததில், பழையதில் அறுபத்திரண்டு பேர் பிழைத்தார்கள். புதியதில் எழுபத்தொரு பேர். "புதுசுதான் நல்லதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா" என்றார் எங்கள் பெரிய டாக்டர்.

"ரெண்டும் ஒரே மாதிரி மருந்தா இருந்தாலும், அஞ்சாறு தடவைக்கு ஒரு தடவை தற்செயலாவே இவ்வளவு வித்தியாசம் வரும் சார்" என்றேன்.

"ஒன்பது உயிர் உனக்கு விளையாட்டாப் போச்சா?" என்று கத்தினார். ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. வேலையெல்லாம் போகாது, பயப்படாதே.

இங்கே குளிர் அதிகம். அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரை அனுப்பு. துவைக்காமலே அனுப்பு.

எந்த மருந்துக்குச் சம்மதிப்பது என்று கேட்டிருந்தாய். கணக்கைக் கேட்டால் இன்னும் 'தெரியாது' என்றுதான் சொல்லும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். நேற்று கையெழுத்துப் போடாத அதே கையால் எழுதுகிறேன்: அப்பாவுக்குப் புதியதையே போடச் சொல்.

உன் மகள்