பட்டு வேட்டியில் ஒரு பச்சைக் கறை

காலையில் பீரோவை ஒழித்தபோது உங்கள் பட்டு வேட்டி கையில் வந்தது. மகள் கல்யாணத்துக்குக் கட்டியது. இடுப்புப் பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு அந்தப் பச்சைக் கறை அப்படியே இருக்கிறது. அன்றைக்கு எத்தனை தேய்த்தும் போகவில்லை. “இத்தன கெட்டிச் சாயம் நம்ம துண்டுல ஒரு நாளும் ஏறலையே புள்ள” என்று சிரித்தீர்கள். குமாரபாளையத்தில் முப்பது வருசம் துண்டும் லுங்கியும் விற்றவர் வேறு எப்படிப் பேசுவார்!

நான் தேடியது வேட்டியை அல்ல, நீங்கள் மருந்துப் பம்பைப் போட்டு மாட்டிக்கொண்டிருந்த தோள்பையை. பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பெண் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் பார்க்கின்சன். அவருக்கும் டாக்டர் பம்பு வைக்கச் சொல்லிவிட்டாராம்.

உங்களுக்குச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? அப்போது மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம்தான் கேட்கும். பிறகு கரண்ட் போன தறிபோல நின்ற இடத்தில் நின்றுவிடுவீர்கள். சேலம் டாக்டர் உள்ளங்கை அளவு பெட்டியைக் காட்டினார். வயிற்றுத் தோலில் மெல்லிய ஊசி, அதற்கு ஒரு குழாய், பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்து. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஊசிக்குப் பயந்து அல்ல. டப்பாவைத் தொங்கவிட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றுதான். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

பிறகு கல்யாணம் நிச்சயமானது. காலை ஆறு மணிக்கு மேல் முகூர்த்தம். உங்களுக்கோ காலை நேரம்தான் மோசம். நம் வழக்கத்தில் செம்பைப் பிடித்துத் தாரை வார்க்க வேண்டியவர் அப்பா. உங்கள் தம்பி, தான் நின்று செய்வதாக நல்ல மனதோடுதான் சொன்னார். மூன்றாம் நாள், “சேலம் போலாம், கெளம்பு” என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் நாட்களில் வாந்தி. அதற்கும் மாத்திரை கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நான் மருந்து நிரப்பவும், தினம் இடம் மாற்றி ஊசி குத்தவும் கற்றேன். குத்திய இடங்கள் கட்டிகட்டியாகும், தேய்த்துவிடுவேன். சிந்திய மருந்து காய்ந்தால் பச்சையாகும். உங்கள் லுங்கி எல்லாம் பொட்டுப்பொட்டாய்ப் பச்சை. ஆனால் வீட்டுக்கு வந்த மறுநாள் சட்டைப் பொத்தானை நீங்களே போட்டீர்கள். போட்டுவிட்டு அவிழ்த்து, மறுபடியும் போட்டீர்கள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று சட்டை கிடையாது, துண்டு மட்டும். தோள்பையில் போட்டால் ஊரே பார்க்கும் என்றீர்கள். பம்பை வேறு எங்கே வைப்பது? சந்தைக்குப் போகும்போது பணப்பையை வேட்டிக் கட்டுக்குள் செருகி மேலே பச்சை பெல்ட்டை இறுக்குவீர்களே, அப்படியே இதையும் செருகிக்கொண்டீர்கள். குழாய் நசுங்கும் என்றேன். கேட்டால்தானே.

மணமேடையில் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. தற்செயலாகக் கீழே பார்த்தால் உங்கள் இடது கால் பெருவிரல் மடங்கிக்கொண்டிருந்தது. மருந்து நின்றுபோனால் முதலில் அதுதான் மடங்கும். பம்பு கத்தியிருக்கும், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? செம்பை நோக்கி நீண்ட உங்கள் கை பாதியில் நின்றது. மகள் என்னைப் பார்த்தாள். நான் பெல்ட்டை அவிழ்க்கக் கை வைத்தேன்.

“எல்லாரும் பாக்கறாங்க புள்ள” என்றீர்கள், குரலே எழும்பாமல்.

“பாக்கட்டுங்க. நீங்க தண்ணி வாக்கறதப் பாக்கத்தானுங்க வந்திருக்கறாங்க.”

குழாய் இரண்டாய் மடங்கி, ஊசியும் பிடுங்கிக்கொண்டிருந்தது. மண்டபமே பார்க்க, நான் கையோடு கொண்டுவந்திருந்த தோள்பையிலிருந்து புது ஊசியை எடுத்து வயிற்றில் குத்தினேன். அப்போது வேட்டியில் விழுந்ததுதான் இந்தச் சொட்டு. பம்பைப் பையில் போட்டு உங்கள் தோளில் மாட்டி, வாரை அளவு பார்த்து முடிச்சுப் போட்டேன். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆனது. பெருவிரல் நிமிர்ந்தது. பிறகு உங்கள் கை எழுந்தது. செம்பிலிருந்து தண்ணீர் அறுபடாமல் விழுந்தது. “நல்லா இரு சாமி” என்று மகளிடம் சொன்னீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பந்தியில் யாரோ பையைப் பற்றிக் கேட்க, கடையில் புது ரகத்தை விரித்துக் காட்டுவதுபோல நீங்களே விளக்கம் சொன்னீர்கள். அதன்பின் மூன்று வருசம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டே கடைக்குப் போனீர்கள். நோய் குணமாகவில்லை, இருவருக்கும் தெரியும். போன மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும் வரை பகலெல்லாம் உங்கள் கை உங்கள் சொல் கேட்டது. அந்த மூன்று வருசத்தை நினைத்தால் எனக்குக் குறையே இல்லை.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்: “ஏனுங்கக்கா, இத வேட்டிக்குள்ள மறைச்சு வெச்சுக்கலாங்களா? அப்படி வெக்கலாம்னாத்தான் எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்கு வாரேங்கறாரு.”

வேட்டியை எடுத்துவந்து அவள் மடியில் விரித்தேன். கதையைச் சொன்னேன். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பையை அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் உங்களைவிடக் குட்டையாம்; நான் போட்ட முடிச்சை அவிழ்த்துத்தான் கட்ட வேண்டும். கட்டிக்கொள்ளட்டும்.

வேட்டியைக் கொடுக்கவில்லை. கறை வெளியே தெரியும்படி மடித்து, பீரோவில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.