அப்பனைப் பிரித்த குட்டிகள்

மதிப்புள்ள அப்பாவுக்கு, மூத்த தாரத்து மகன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? அறுபத்தைந்து வயதில் எழுதக் கற்று, ஆசையாக எழுதும் முதல் கடிதம் இது.

நான் கூண்டு கழுவும் ஆய்வுக்கூடத்தில், அப்பனும் சேர்ந்து குட்டி வளர்க்கும் எலிகள் உண்டு. நேற்று கை தவறித் தட்டைக் கீழே போட்டுவிட்டேன்; சத்தத்தில் எல்லாக் குட்டிகளும் மிரண்டன. அப்பனோடு வளர்ந்த குட்டிகள் உடனே தீனிக்குத் திரும்பின. சோதனைக்காக அப்பனைப் பிரித்து வளர்த்த குட்டிகள் மூலையில் நடுங்கிக்கொண்டே இருந்தன.

"அதுங்க மேல தப்பில்ல பெரியவரே, அப்பன் இல்லாததால வந்த நடுக்கம்" என்றார் டாக்டரம்மா.

கைக்குழந்தையாக என்னை விட்டுப் போன நீங்கள்தான், பிறகு ஊரார் முன் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

தம்பியிடம் பதில் போடச் சொல்லுங்கள். எனக்கு வேறு கடிதம் வருவதில்லை.

இப்படிக்கு,
அந்தப் பயந்தாங்கொள்ளி

தம்பி, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாததால் நீதான் இதை வீட்டார் எல்லோர் முன்னாலும் படித்திருப்பாய். அவருக்குக் காது மந்தம். முதலிலிருந்து இன்னொரு தரம் உரக்கப் படி.