அப்பாஸ் கொடியில் போட்ட முடிச்சு

9 பிப்ரவரி 2004, திங்கள்

தண்ணீர் இன்றும் காலையில் ஒரு மணிநேரம்தான். பக்கத்து வீட்டு ஃபவ்ஸியா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன தலைவர் வீட்டம்மா, உங்க ஆட்சியிலயும் குழாய் இருமத்தானே செய்யுது?" என்றாள். தலைவர் வீட்டம்மாவாம். மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித்தருகிறவள் நான்.

போன வசந்தத்தில், வெளிநாட்டுப் படை வந்து பழைய ஆட்கள் ஓடிய மறுவாரம், ஊரே ஹுசைனியா மண்டபத்தில் கூடிக் கை தூக்கி என் வீட்டுக்காரரை நகர சபைத் தலைவர் ஆக்கியது. அதுவரை நீரேற்று நிலையத்தில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதர். "இந்த ஊர்ல பாக்தாத் நியமிக்காத முதல் ஆள் நான்தான்" என்று இன்றுவரை சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். மகள் ஷைமாவுக்குப் பதினான்கு வயது, வாய் நாற்பது வயது. "வாப்பா, அந்த நியமனத்த வச்சு ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கிட்டு வாங்க" என்கிறாள்.

திங்கள்கிழமைதோறும் அந்தப் படையின் கர்னல் சபைக்கு வந்து தேநீர் குடிக்கிறார். நல்ல மனிதர் என்கிறார் இவர். இருக்கலாம். தொண்ணூற்றொன்றில் வானொலியில் பழைய ஆட்சிக்கு எதிராக எங்களை எழுந்திருக்கச் சொன்னவர்களும் நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எழுந்தோம். அவர்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்போது கொன்று புதைத்த என் அண்ணனைப் போன மே மாதம்தான் குழியிலிருந்து எடுத்தோம்.

12 பிப்ரவரி

கேஸ் சிலிண்டர் கிடைத்தது. தலைவரால் அல்ல, ஃபவ்ஸியாவின் மருமகனால்.

21 பிப்ரவரி, சனி

முஷ்தாக்கைச் சுட்டுவிட்டார்கள்.

பாலத்துச் சோதனைச் சாவடியில். ஒரு கூட்டத்துக்கே பெரியவரான ஹாஜி மிஜ்பலின் மூன்றாவது மகன். என்னிடம் படித்தவன், பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் போகாதவன். அவன் வண்டிக்கு பிரேக் கிடையாது என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வேகத்தைக் குறைத்து, கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவான். தெருவே சிரிக்கும். சிப்பாய்க்கு என்ன தெரியும்? நிற்கச் சொல்லியும் நிற்காத வண்டி, கதவைத் திறந்துகொண்டு வருகிற ஒருவன்.

அதற்கு ஏன் அத்தனை குண்டு? யாரிடம் கேட்பது?

24 பிப்ரவரி, செவ்வாய்

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறார் இந்த மனிதர்.

துக்கப் பந்தலில் பெரியவர்கள் எல்லாரும் இருந்தார்களாம். ஹாஜி மிஜ்பல் உயிருக்கு ஈடான காசைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்தக் கர்னல் என் நாணல் கூடத்துக்கு வரட்டும். என் எதிர்ல உக்காந்து, 'நாங்கதான் கொன்னோம்'னு வாயத் தொறந்து சொல்லட்டும். அது போதும் எனக்கு. இல்லன்னா மத்த பசங்கள நான் புடிச்சு வெக்க மாட்டேன்." இவர் நேரே முகாமுக்குப் போனார். கர்னல் ஒப்புக்கொண்டார், நாற்பதாம் நாள் வருவதாக. அதைக் கொண்டுவந்து பந்தலில் சொன்னதும் மிஜ்பல் கேட்டது ஒன்றுதான்: "அவனுக்கு ஜாமீன் யாரு?"

நியாயமான கேள்வி. எங்களில் ஒருவன் கொன்றிருந்தால் அவனுடைய கூட்டம் பின்னால் நிற்கும். அவன் ஓடினால் சித்தப்பனைப் பிடிக்கலாம், மாமனைப் பிடிக்கலாம். இந்தக் கர்னலுக்கு யார்? இவர் எழுந்து நின்றாராம். "நான்" என்றாராம். கர்பலாவில் கொடி தாங்கியே உயிர்விட்ட அப்பாஸின் கொடியை எடுத்து, அவர் பேரால் வாக்காக எல்லார் முன்னாலும் முடிச்சுப் போட்டுவிட்டார். அந்த முடிச்சைப் போட்டுவிட்டு மாறினவன் இந்த மண்ணில் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. இது இவருக்குத் தெரியாதா?

"அவன் உங்களுக்கு மாமனா மச்சானா? போயிட்டான்னா எந்த வீட்டுக் கதவத் தட்டுவீங்க?" என்று கத்தினேன்.

"கத்தாத. நம்ம ஊர நாமளே ஆளணும்னா முதல்ல துப்பாக்கி சும்மா இருக்கணும். அவங்க ஒரே ஒரு தடவ நம்ம முறைக்குக் கட்டுப்பட்டு வந்து உக்காரட்டும். அப்புறம் எவனும் நம்ம சபைய மதிக்காம போக மாட்டான்."

"வரலன்னா?"

கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் இல்லை.

2 மார்ச்

ஆஷூரா, முஹர்ரம் துக்க நாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பயமில்லாமல் அழலாம் என்று இருந்தோம். கர்பலாவில் கூட்டத்துக்குள் குண்டு. ஃபவ்ஸியாவின் தம்பி அங்கே போயிருக்கிறான். எழுத முடியவில்லை.

5 மார்ச்

தம்பி உயிரோடு இருக்கிறான். ஒரு காது கேட்காதாம். அதற்கே ஃபவ்ஸியா இனிப்பு பங்கிட்டாள்.

26 மார்ச், வெள்ளி

கர்னல் போய்விட்டார்.

ஓடவில்லை, ஒளியவில்லை. அவர்களுக்கு ஆறு மாதம் முடிந்தால் ஊருக்குப் போவார்களாம். முறை மாறுமாம். இது எங்களில் யாருக்குத் தெரியும்? வாக்குக் கொடுத்தவனின் வாக்கு அவன் விடுமுறையோடு சேர்ந்து கப்பலேறும் என்று யார் நினைப்பார்கள்? இவருக்கு ஒரு பேனாவும் அவருடைய குடும்பப் படமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று பிள்ளைகள், ஒரு நாய்.

புதிதாக வந்தவரைப் பார்க்க இவர் மூன்று தடவை போனார். மூன்றாம் தடவை உள்ளே விட்டார்கள். அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினாராம். முந்தையவர் சொன்னது எதுவும் தனக்குத் தெரியாது, கொன்றோம் என்று வாயால் சொல்வதற்குத் தங்கள் சட்டத்தில் இடமில்லை, வேண்டுமானால் அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள் என்றாராம்.

"நீங்க முடிச்சப் பத்தி சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"நல்ல பழக்கம்னு சொன்னான்."

சிரித்துவிட்டேன். பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன். வெங்காயம் கூட இல்லாமல் அழுதேன்.

31 மார்ச், புதன்

நாற்பதாம் நாள்.

நாங்கள் பெண்கள் கூடத்துக்குப் பின்னால் சமையலில் இருந்தோம். நாணல் சுவர், இடுக்கில் பாதி தெரியும், மூச்சு விடுவதுகூடக் கேட்கும். எதிர்ப்பக்கம் விரித்த பாயில் யாரும் இல்லை. அந்த வெறும் பாயில் இவர் தனியாகப் போய் உட்கார்ந்தார். கொலை செய்தவன் உட்கார வேண்டிய இடத்தில். முன்னால் வைத்த காபி ஆறிப்போனது. காரியம் கைகூடாமல் அதைக் குடிக்கக் கூடாது.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்தது. மிஜ்பலின் பெரிய மகன் சொன்னான், "இன்னும் யாருக்காகக் காத்திருக்கோம் வாப்பா? அவன் இந்நேரம் அவன் பொண்டாட்டிகூட சாப்ட்டுட்டு இருப்பான்." ஒருவரும் சிரிக்கவில்லை.

இவர் பேசினார். "ஹாஜி, நான் கொல்லல. ஆனா நான் வந்திருக்கேன். என்ன வேணும்னாலும் செய்யுங்க."

மிஜ்பல் நெடுநேரம் இருமினார். மகள் பேரை வைத்துத்தான் இவரைக் கூப்பிடுவார். "அபூ ஷைமா, உம்மேல எனக்குக் கோவம் இல்ல. நீரு எங்கள ஏமாத்தல, உம்மத்தான் ஏமாத்திட்டானுங்க. ஆனா முடிச்சுப் போட்டது உம்ம கை. அப்பாஸ் பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?" முடிச்சை மிஜ்பலே தன் கையால் அவிழ்த்தாராம். அதைப் பார்க்க முடியவில்லை. துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் திட்டியிருக்கலாம். அடித்தே இருக்கலாம்.

4 ஏப்ரல்

வாக்குத் தவறியவன் வீட்டுக்குக் கட்டுவதுபோல் எங்கள் கதவில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். ஷைமா அவிழ்க்கப் போனாள். இவர் தடுத்துவிட்டார். "அது நமக்குள்ளதுதாம்மா."

8 ஏப்ரல், வியாழன்

தெற்கு முழுக்கச் சண்டை. சபைக் கட்டடத்தை இளைஞர்கள் துப்பாக்கியோடு வந்து எடுத்துக்கொண்டார்கள். முஷ்தாக்கின் அண்ணன்மார் இருவரும் அதில் உண்டு. இவருடைய நாற்காலியில் இப்போது மீசை சரியாக முளைக்காத ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால் அதே நாளில் முகாமிலிருந்தும் தகவல் வந்தது. அமைதியைக் காக்கத் தவறியதால் நகர சபை கலைக்கப்படுகிறதாம். யார் கலைத்தது, யார் பிடித்தது, எது முதலில் என்று சண்டை போடக்கூட இடமில்லை. ஊர் கை தூக்கி வைத்த சபை. மற்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட வீட்டுப் பக்கம் வரவில்லை. ஃபவ்ஸியா மட்டும் சுவருக்கு மேலே ரொட்டி நீட்டினாள். கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

20 ஏப்ரல்

ஹாஜி மிஜ்பல் ஆள் அனுப்பினார். பகை இல்லையாம். ஆனாலும் அபூ ஷைமா இந்த ஊரில் கால் வைக்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லதாம். அவரால் பிள்ளைகளைக் கட்டுப்படுத்த முடியவில்லையாம். பெண்கள் வரலாம், போகலாம்.

பாஸ்ராவில் இவருடைய ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் ஒரு அறை காலியாம்.

28 ஜூன், பாஸ்ரா

ஆட்சியை நம்மிடமே கொடுத்துவிட்டார்களாம். வானொலியில் சொன்னார்கள். இவர் போய் வானொலியை அணைத்துவிட்டு வந்து படுத்தார். இங்கே ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறார்.

27 ஜனவரி 2005

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. முதல் ஓட்டு. இத்தனை காலம் ஒதுக்கிவைத்த எங்கள் மக்களின் எண்ணிக்கை இந்த நாட்டில் முதன்முதலாக ஒரு பெட்டிக்குள் கணக்கில் வரப்போகிறது. இவருடைய வாப்பா இதைப் பேசியே சிறையில் செத்தார்.

ரேஷன் பதிவு எந்த ஊரிலோ அந்த ஊரில்தான் ஓட்டு. எங்கள் பதிவு அங்கே. மாற்ற நினைத்தபோது நாள் கடந்துவிட்டது. இல்லை, பொய் சொல்வானேன் — மாற்றலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "கொஞ்ச நாள் பொறு, ஊர்லருந்து கூப்பிடுவாங்க" என்றார்.

"நீ போய்ட்டு வா. ரெண்டு பேர்ல ஒருத்தராவது போடணும்" என்கிறார். ஓட்டு அன்றைக்கு வண்டி ஓடாது. நாளை கிளம்பி ஃபவ்ஸியா வீட்டில் தங்க வேண்டும்.

2 பிப்ரவரி, பாஸ்ரா

நேற்று மாலை திரும்பினேன்.

என் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி, என் வகுப்பறையே. கிழவிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்கு வருவதுபோல் உடுத்தியிருந்தார்கள். மைப்புட்டியோடு உட்கார்ந்திருந்தவர் ஹாஜி மிஜ்பல். என் விரலைப் பிடித்துத் தோய்த்தார். "அபூ ஷைமா வரலையா?"

"நீங்கதானே வரக் கூடாதுன்னீங்க."

"ஆமா. வந்தா விட்டிருக்க மாட்டானுங்க" என்றார். என் விரலை விடவில்லை. பின்னால் நின்றவள் இடித்த பிறகுதான் விட்டார்.

மறைப்புக்குள் போனேன். அத்தனை பெரிய தாள். எங்கள் ஆட்களின் பட்டியல் எது என்று குழந்தைக்கும் தெரியும். அதற்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டு சுற்றுகிறவர்களில் முஷ்தாக்கின் அண்ணனும் ஒருவன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என் விரலை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வரிசை பெருசா?"

"மைதானத்தச் சுத்தி நின்னுச்சு."

"சண்டை எதுவும்?"

"இல்ல. எல்லாரும் சிரிச்சிட்டே இருந்தாங்க."

"ஒழுங்கா போட்டியா? தாள் செல்லாம போயிடலையே?"

"ஒழுங்காத்தான் போட்டேன்."

தலையாட்டிக்கொண்டார். ஷைமாவைக் கூப்பிட்டு, "உம்மா விரலப் பாரு" என்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஒரு வருஷமாக நான் பார்க்கவில்லை. இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

தாளில் நான் எந்தக் குறியும் போடவில்லை. வெறும் தாளை நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.