பொத்தானில் பரிமாறிய விருந்து

மார்ச் 3

என் அக்கா பெற்ற அதிசயமே,

உன் ராணியார் நலம். பரிவாரம் நாற்பத்தொன்றும் நலம். நீ புது வேலைக்கு ரயில் ஏறிய அன்றே உன் எறும்புகள் குடியிருக்கும் கண்ணாடிக் குழாயை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, எறும்புப் பேரரசுக்கு நானே அமைச்சர் என்று அறிவித்துவிட்டேன். உன் அத்தை தையல் இயந்திரத்திலிருந்து தலை தூக்காமலே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எறும்பு இருக்கட்டும். அதுக்குத் தீனின்னு உயிரோட கரப்பான், புழுன்னு டப்பாவுல வளர்த்தீங்கன்னா, நீங்களும் அதுங்களோட வெளியே போயிடணும்."

வானத்தைத் தொடும் கம்பத்தில் ஏறித் தெருவிளக்கு சரிபார்க்கிறவன் நான். மின்னலோடு கைகுலுக்கியவன். அந்தக் குரலுக்கு மறுபேச்சின்றித் தலையாட்டிவிட்டேன்.

ஆகவே தினமும் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர். குடித்துவிட்டு வயிறு பளபளக்க நடக்கிறார்கள், ஆளுக்கொரு பல்லக்குப் போல!

எறும்புப் பேரரசின் தலைமை அமைச்சர்,
உன் மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமா,

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரி முறைத்தாள். அப்புறம்தான் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். சர்க்கரைத் தண்ணீர் பெரியவர்கள் ஓடியாட மட்டும். குழாய்க்குள் கிடக்கும் வெள்ளைப் புழுக்கள்தான் அவர்களின் குழந்தைகள். அவை வளரப் புரதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் குழந்தைகளையே தின்றுவிடுவார்கள்.

அத்தை சொன்னதற்குக் குறுக்கே போக வேண்டாம். செத்த பூச்சியே போதும். காலையில் உங்கள் விளக்குக் கம்பங்களின் அடியில் அந்துப்பூச்சி விழுந்து கிடக்குமே, அதை எடுங்கள். மருந்தடித்த இடம் பக்கம் போகாதீர்கள். நாலு நாள் ஃப்ரீசரில் உறையவைத்து, குளிர் விட்டதும் ஒரு துண்டு கொடுங்கள்.

வெள்ளைப் புழுக்கள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். நிஜ எண்ணிக்கை, மாமா எண்ணிக்கை வேண்டாம்.

சுண்டு


மார்ச் 16

சுண்டு மகாராணிக்கு,

குற்றவாளிக் கூண்டிலிருந்து எழுதுகிறேன். உறையவை என்றாய். உறைவதற்குத் தண்ணீர் வேண்டாமா? ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி, குழிக்கொரு அந்துப்பூச்சியாக அடக்கம் செய்தேன். நான் கம்பத்தில் இருந்த நேரம் பார்த்து, அளவு கொடுக்க வந்த அம்மாளுக்கு உன் அத்தை பழச்சாறு கொடுத்திருக்கிறாள். அதில் இரண்டு ஐஸ் கட்டி. பாதி குடித்ததும் ஐஸ் கரைந்து, இறக்கையை விரித்தபடி ஒருவர் மிதந்து வந்திருக்கிறார். அந்தக் கூச்சலில் மூன்று தெருவின் விளக்குகள் அணைந்ததாகக் கேள்வி.

ஃப்ரீசருக்கும் எனக்கும் இனி உறவில்லை. ஈடுகட்ட அரை அவித்த முட்டையைக் குழாய் வாசலில் வைத்தேன். இரண்டே நாளில் அது பூஞ்சைத் தாடி வளர்த்துவிட்டது.

பதினொரு குழந்தைகள் இருந்தன. இப்போது ஆறு. இது மாமா எண்ணிக்கை இல்லை. இரண்டு முறை எண்ணினேன்.

மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமா,

உங்கள் மேல் கோபமில்லை. போன வருஷம் முதல் மழையில், நனைந்த சுவரில் தன்னந்தனியாக நின்ற ராணியைக் கையில் ஏந்தி வந்தேன். பட்டினியில் சாக விட மனசு வரவில்லை. எறும்பு வளர்க்கும் ஆசிரியர் ஒருவர் 28ஆம் தேதி உங்கள் பக்கம் வருகிறார். அன்றைக்குள் ஒரு புழுவாவது வயிறாரத் தின்று வளர்ந்து, தன்னைச் சுற்றிக் கூடு கட்டியிருந்தால் ராணி உங்களிடமே இருக்கட்டும். இல்லாவிட்டால் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அதுவரை அவித்த மஞ்சள் கரு. குண்டூசித் தலை அளவு. மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

சுண்டு


மார்ச் 29

அக்கா மகளே, நிற்காதே, உட்கார்ந்து படி!

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, கல்யாணப் பெண்ணைக் கொடுப்பவன்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலைக்குப் போனேன். நடுவில் ஒருநாள் ஏணி உடைந்து மத்தியானமே வீடு திரும்பினால், உன் அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தையல் மேசைக்கு வந்துவிட்ட குழாயின் முன் குனிந்திருக்கிறாள். ஒரு சட்டைப் பொத்தான்தான் தட்டு. ஊசி முனையில் மஞ்சள் கரு எடுத்துத் தட்டில் வைக்கிறாள். பக்கத்துப் பொத்தானில் இறக்கை கிள்ளிய அந்துப்பூச்சித் துண்டு. நாலைந்து எறும்புகள் முண்டியடிக்க, "மெதுவா, எல்லாருக்கும் இருக்கு" என்கிறாள். முப்பது வருஷத்தில் எனக்கு அப்படிப் பரிமாறியதில்லை.

நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து, "உயிரோட பூச்சி வளர்க்காதீங்கன்னுதான் சொன்னேன். இதுங்களைப் பட்டினி போடுங்கன்னா சொன்னேன்?" என்றாள்.

பூச்சியை எங்கே உறையவைத்தாய் என்றேன். ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். மூடிய டப்பா, மேலே தைத்த துணிச் சீட்டு: "குடிக்க அல்ல."

நேற்று ஆசிரியர் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். அத்தை தைப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள், ஊசியில் நூலே இல்லை. "நாலு கூடு இருக்கும்மா" என்றார் அவர், என்னை விட்டுவிட்டு அவளிடம். காலி டப்பாவோடு போனார். அவர் தெரு திரும்பியதும் நான் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக் கூரை உதிர்ந்தது!

நீ லீவில் வந்தால் ராணியைக் கொண்டுபோய்விடுவாயா என்று அத்தை கேட்கவில்லை. கேட்காமலே மூன்று முறை பேச்சை அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.

அமைச்சர் (பதவி ஆட்டம் காண்கிறது),
மாமா


ஏப்ரல் 6

சுண்டு,

உன் கடிதம் வந்தது. உறையின் மேல் என் பெயர் இல்லை. அத்தை நின்றபடி ஒருமுறை, ஜன்னலோரம் போய் ஒருமுறை படித்தாள். கெஞ்சிக் கேட்டதற்கு ஒரு வரி மட்டும் வாசித்துக் காட்டினாள்: "அவை உங்களோடவே இருக்கட்டும் அத்தை."

மீதியை மடித்துப் பொத்தான் டப்பாவில் வைத்துக்கொண்டாள். இன்று முதல் குழந்தை கூட்டை விட்டு வெளியே வந்தது, சாம்பல் நிறத்தில், காலெல்லாம் தடுமாற. எனக்கு ஒரு பார்வைதான் கிடைத்தது. வரிசையில் நிற்கச் சொன்னாள்.

எறும்புப் பேரரசின் பொத்தான் கழுவுபவர்,
மாமா