சனிக்கிழமைகளில் நீங்கள் போன இடம்

அன்புள்ள விஜயா,

நாற்பது வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தவன் எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன் படத்துக்கு முன்னால் நின்றாலே கண் கலங்கும். இப்போது மூன்று வாரமாக அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. விளக்கேற்றுவது நம் மகள் புனிதாதான்.

இதையெல்லாம் ஊருக்குத் தெரியப் பத்திரிகையில் எழுதலாமா என்று உன் அண்ணன் கேட்டார். அவர் உட்பட ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம். தெரியாமல் இருந்தவன் நான் ஒருத்தன்தான். இனி யாரிடம் ஒளிக்க?

நடந்ததைச் சொல்கிறேன். துக்கம் ஒருவாறு அடங்கியதும், நீ புனிதாவைச் சனிக்கிழமைதோறும் தேக்காவில் இருக்கிற கோயிலுக்குக் கூட்டிப் போவாயே, அதை விடக்கூடாது என்று நினைத்தேன். முப்பத்துநாலு வயதானாலும், எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள் என்று டாக்டர் சின்ன வயதிலேயே சொன்ன பிள்ளை. வழக்கம் மாறினால் தவித்துப்போவாள். ஈசூன் ஸ்டேஷனில் தேக்கா போகிற ரயிலுக்கு நான் நின்றேன். அவள் எதிர்ப் பக்கம் போய் நின்றாள். கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. சனிக்கிழமை ரயில் இந்தப் பக்கம்தான் என்றாள். பாவம், குழம்பிப்போயிருக்கிறாள், ஒரு ஸ்டேஷன் போய்த் திரும்பிவிடலாம் என்று நானும் ஏறினேன்.

உட்லண்ட்ஸ் தாண்டியது. கிராஞ்சி தாண்டியது. இறங்கலாம் என்று நான் எழுந்தபோதெல்லாம் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். புக்கிட் பாத்தோக்கில்தான் எழுந்தாள். முப்பது வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவனைக் கையைப் பிடித்துச் சாலை கடத்தினாள். ஒரு புளோக்கின் நாலாவது மாடியில் போய் மணியடித்தாள். கதவைத் திறந்த மெய் லிங், ரோஸ்னா என்ற இரண்டு பெண்களும் கூச்சல் போட்டுக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களும் நம் புனிதா மாதிரிதான்.

அந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ஷாலினி என்ற பெண் எனக்கு நாற்காலி போட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அங்கிள், ஆண்ட்டி கடைசி வரைக்கும் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

நாலு வருஷம், விஜயா. துணி மடிக்க, சோறு வைக்க, கதவைப் பூட்ட, ரயிலேற, நாம் இல்லாமல் இருக்க. நாலு வருஷமாக அவளை அங்கே பழக்கியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது நீ மல்லிகைப்பூ வாங்கி வருவாய். நானும் முகர்ந்து பார்த்துவிட்டு, தேக்காப் பூவுக்கு மணமே தனி என்பேன். ஆமாம் என்று தலையை ஆட்டுவாய். அது நம் புளோக்குக்குக் கீழே வாங்கிய பூ என்று இப்போது புனிதா சொல்கிறாள். உன்னால் எப்படிச் சிரிக்காமல் இருக்க முடிந்தது?

நீ அழுத்தக்காரி, மறைத்தாய், போகட்டும். புனிதா? லிஃப்டில் வரும் முன்பின் தெரியாதவரிடம்கூட அப்பாவுக்கு நேற்று வயிற்றுப்போக்கு என்று சொல்கிற பிள்ளையாயிற்றே. அவள் வாயை எப்படிக் கட்டினாய்? ஏம்மா சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது கேட்டேன். "அம்மாதான் சொன்னாங்க, அப்பா சத்தம் போடுவாரு, அப்புறம் அழுவாருன்னு" என்றாள். ரயிலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அங்கே அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நம் வீட்டில் அடுப்புப் பக்கமே நான் விடாத பிள்ளை. எனக்கு ஆகாது என்று சீனி போடாமல் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் ஏன் இதெல்லாம் செய்வதில்லை என்று கேட்டால், வீட்டில்தான் அப்பா செய்கிறீர்களே என்கிறாள். ஆரஞ்சை உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக இத்தனை வருஷம் ஊட்டினேனே, அது யாருக்காக? நான் மனம் நோகக்கூடாது என்றா அவள் வாயைத் திறந்துகொண்டிருந்தாள்?

பிறகு ஷாலினி ஒரு படிவத்தை எடுத்துவந்தாள். மூன்றாவது அறை புனிதாவுக்காகவாம். அவள் பெயரை அவளே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். அவள் கையெழுத்துப் போடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் உன் கையெழுத்து. என் இடம் காலி. அதற்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய்: "இவர் சம்மதிக்க மாட்டார். நான் போன பிறகு கேளுங்கள்."

தேதியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நீ இருந்த கடைசி வாரம். காலையிலிருந்து இருட்டும்வரை உன் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேனே. கீழே காப்பி குடிக்கப் போன பத்து நிமிஷத்திலா இதை எழுதினாய்? திரும்பி வந்தபோது என்னைப் பார்த்துச் சாப்பிட்டீங்களா என்றுதானே கேட்டாய்?

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். புனிதாவுக்கு இருபத்தைந்து வயதானபோது நீ இந்தப் பேச்சை ஒருமுறை எடுத்தாய். பெற்ற பிள்ளையை விடுதியில் தள்ளப் போகிறாயா என்று கத்தினேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நீ வாய் திறக்கவே இல்லை. ஒத்துக்கொண்டுவிட்டாய் என்று நினைத்தேன், மடையன்.

மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் அறை வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்று ஷாலினி மரியாதையாகத்தான் சொன்னாள். இரண்டு வாரம் படிவம் மேசையிலேயே கிடந்தது. எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது, எனக்குப் பிறகு அவளை யார் பார்ப்பார்கள்? ஆனாலும் பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். நீயும் இல்லை, அவளும் இல்லை என்றால் இந்த மூவறை வீட்டில் நான் என்ன செய்வேன்?

போன வாரம் காலையில் இட்லி சாப்பிடும்போது, அப்பாவை விட்டுவிட்டு அங்கே போக வேண்டுமா என்று கேட்டேன். போகணும் என்றாள். யோசிக்கவே இல்லை. என் முகம் போன போக்கைக் கவனித்திருப்பாள் போல. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஷாலினி அவளிடம் பேசுகிற அதே தோரணையில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அப்பா, தனியா இருக்கப் பழகணும். முதல்ல பயமாத்தான் இருக்கும் லா. ஒரு நாள் இருந்து பாருங்க. அப்புறம் ரெண்டு நாள். அப்புறம் சரியாயிடும்."

அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் போகிறாள். பெட்டியை அவளே அடுக்குகிறாள். நான் தொடக்கூடாதாம்.

உடனே உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் துளியும் குறையவில்லை. நீ செய்தது சரியாகவே இருந்துவிட்டது என்பதில் இன்னும் கூடியிருக்கிறது. நம் மகளை நம்பினாய், யாரோ ஒரு ஷாலினியை நம்பினாய், உன் அண்ணனை நம்பினாய். என்னை நம்பவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன், பத்துத் தடவை மறுத்திருப்பேன், எல்லாம் உண்மைதான். பதினோராவது தடவை கேட்டுப் பார்த்திருக்கக் கூடாதா, விஜயா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அவள் கூப்பிடுகிற நாளில்தான் அவள் வீட்டுக்குப் போவேன். மணியடித்துவிட்டு, அவள் வந்து கதவைத் திறக்க எவ்வளவு நேரமானாலும் வெளியே நிற்பேன்.

புனிதாவின் அப்பா,
உன்னிடம் இன்னும் பேசாமல் இருக்க முடியாத உன் வீட்டுக்காரன்,
மாணிக்கம்